மாமி மா இடிக்கும் நேரம்

றிம்சான் இருப்பது மனைவி ஹப்ஸாவின் வீட்டில். கல்முனைப் பக்கத்து மருமகன்கள் அப்படித்தான். விருந்தாளியைப் போலக் கவனிப்பார்கள். விருந்தாளியைப் போலவே அடங்கி இருக்க வேண்டும். மோட்டார் சைக்கிளில் இறக்காமம் வரை மீன் கொண்டுபோய் விற்றவன், விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டதிலிருந்து அறைக்குள் கிடக்கிறான். எலும்பு பொருந்திவிட்டது. முழங்கால் மடியவில்லை.

நோவு வந்த பிறகும் மடக்கினால்தான் பலன் என்று பயிற்சி கொடுக்கும் பவிதரன் சொல்லியிருந்தான். விட்டால் கால் விறைத்துப்போகும், பிறகு மோட்டார் சைக்கிளை மறந்துவிட வேண்டியதுதான்.

றிம்சான் மடக்குவான். நோவு தொண்டைக்கு வந்ததும் விட்டுவிடுவான். சுவருக்கு அப்பால் சமைக்கும் குசினி, குசினியில் மாமி, ஹப்ஸாவின் உம்மா. கல்யாணமான நாள் முதல் அவனோடு நேரே கதைக்காதவள். எதையும் மகளிடம்தான் சொல்லியனுப்புவாள். அவள் காதில் விழக் கத்துவதைவிட நொண்டியாகக் கிடக்கலாம்.

கிளினிக்கில் பவிதரன் முழங்காலைப் பார்த்துவிட்டு, போன முறை நின்ற இடத்திலேயே நிற்கிறது என்றான். வீட்டில் செய்கிறாரா என்று கேட்டான். 

"செய்யிறாரு," என்றாள் ஹப்ஸா. "உம்மாக்குக் கேக்கும் எண்டு பாதியில விட்டுடுறாரு."

மறுநாள் பின்னேரம் அஸர் தொழுகை முடிந்ததும் குசினியில் உலக்கை விழுந்தது. சந்தியில் மில் இருக்க, மாமி அரிசி இடித்தாள். சுவர் அதிர்ந்தது. ஹப்ஸா வந்து கதவைச் சாத்தினாள்.

"உம்மா இடிச்சி முடியிறத்துக்குள்ள செய்ங்க. இப்ப கத்தினா அல்லாஹ்க்கு மட்டுந்தான் கேக்கும்."

கத்தினான். கால் கொஞ்சம் மடிந்தது.

அதன் பிறகு தினமும் அஸருக்குப் பின் உலக்கை, தினமும் இரவில் பிட்டு. மாமா ஒருநாள் பிட்டு வேண்டாம், கடைப் பாண் போதும் என்று கேட்டார். கிடைக்கவில்லை.

மழை பெய்த ஒரு நாள் எலும்புக்குள் குடைந்தது. இன்றைக்கு வேண்டாம் என்று றிம்சான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான். உலக்கை விழத் தொடங்கியது. அவன் அசையவில்லை. வழக்கமாக நிற்கும் நேரம் கடந்தது. நிற்கவில்லை. இடிக்கு இடி மாமி மூச்சு வாங்குவது கேட்டது. அரிசி தீர்ந்து, வெறும் உரலில் உலக்கை விழுந்தது.

ஹப்ஸா கதவைத் திறந்தாள்.

"நீங்க கத்தின சத்தம் இன்னும் கேக்கல்லையாம். கேக்காம நிப்பாட்டமாட்டாவாம்."

அப்படியென்றால் இத்தனை நாளும் கேட்டிருக்கிறது. றிம்சானுக்கு முகம் எரிந்தது. எழுந்து போக வேறு அறை இல்லை, நடந்து போகக் காலும் இல்லை. கணுக்காலை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தான்.

அவன் கத்தினான். உலக்கை நின்றது.