எழுபதாம் இலக்க ராணி

கனடாவில் குடியுரிமைச் சத்தியம் எடுத்தவர்களில், எடுத்த சத்தியத்தை வீட்டுக்கும் கொண்டுவந்தவர் என் அப்பா குலசிங்கம் ஒருவர்தான் என்பது என் கணிப்பு. மற்றவர்கள் ராணிக்கும் அவருடைய வாரிசுகளுக்கும் விசுவாசமாக இருப்போம் என்று வாயசைத்தார்கள், கையில் கொடுத்த சின்னக் கொடியோடு படம் எடுத்தார்கள், கோப்பி குடிக்கப் போனார்கள். அப்பா வீடு திரும்பும் வழியில் ஒரு பழைய சாமான் கடைக்குள் புகுந்து, ராணியின் முகம் போட்ட தேநீர்க் குவளை ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தார். அது தொண்ணூற்று நாலாம் ஆண்டு. பார்க்டேலில் ஒரே வீட்டில் ஏழு பேர் நெருக்கிக்கொண்டு இருந்த காலம். குவளைக்கு மட்டும் அலுமாரியில் தனித் தட்டு.

பிறகு மல்வேர்னுக்கு வந்தோம். ராணியும் வந்தார். அவர் ஆட்சியின் இருபத்தைந்தாம் ஆண்டுப் பீங்கான் தட்டு, ஐம்பதாம் ஆண்டு பிஸ்கற் ரின், அறுபதாம் ஆண்டு முத்திரைத் தாள் என்று வரவேற்பறை அலுமாரி முழுக்க அவர்தான். நான் பள்ளிக்கூடம் முடித்தபோது எடுத்த படத்துக்கு அங்கே இடமில்லாமல், அதைக் குளிர்சாதனப் பெட்டியில் காந்தம் வைத்து ஒட்டியிருக்கிறார்கள். காந்தத்திலும் ராணிதான்.

ஒருவர் ஒரே கதிரையில் எழுபது வருடம் இருந்தால் என்ன செய்வது? எங்கள் சொந்தக்காரர் என்றால், "கொஞ்சம் எழும்பி நடவுங்கோ, கால் வீங்கப் போகுது" என்பார்கள். நாடு என்றால் நாணயம் அடிக்கும். 2022இல் அதுதான் நடந்தது. நாணயத்துக்குக் கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்ரிக் சிமிழ், சிமிழுக்கு ஒரு பெட்டி, பெட்டிக்கு ஓர் உறை, உறைக்குள் இலக்கமிட்ட சான்றிதழ். இதை நக்கலடித்து எழுதுவதற்குக் கல்லூரிப் பத்திரிகையில் நான் அரைப் பக்கம் கேட்டு வைத்திருந்தேன். அப்பா வாங்கிய வெள்ளி நாணயத்தின் சான்றிதழைப் பார்த்ததும் அந்த எண்ணத்தைத் தள்ளிவைத்தேன். அதில் எழுபது என்று இருந்தது. எழுபதாம் ஆண்டு நாணயத்தில், எழுபதாவது.

அப்பா அதை மூன்று நாள் யாருக்கும் சொல்லவில்லை. நாலாம் நாள் ஸ்ரீநிவாசனுக்குச் சொன்னார்.

ஸ்ரீநிவாசன் சென்னையிலிருந்து வந்தவர். பகலில் ஒரு வங்கியின் கணினிகளைப் பார்த்துக்கொள்வார். மற்ற நேரமெல்லாம் எங்கள் பக்கத்து நாணய, முத்திரைச் சேகரிப்போர் சங்கத்தின் விதிகளைப் பார்த்துக்கொள்வார். வருடம் ஒரு முறை நூலக மண்டபத்தில் சங்கம் கண்காட்சி வைக்கும். அதற்கு ஒரு விதி உண்டு. காட்சிப் பொருளின் முன்னால் அச்சடித்த விவரச் சீட்டு இருக்கவேண்டும். சீட்டில் எழுதியிருப்பதும் பொருளும் ஒத்துப்போகாவிட்டால் பொருள் மேசையை விட்டு இறங்கும். போன முறை அப்பாவின் குவளை அப்படித்தான் இறங்கியது. அதன் கைபிடி ஒரு காலத்தில் உடைந்து ஒட்டப்பட்டது என்று சீட்டில் இல்லை. ஸ்ரீநிவாசன் வெள்ளைக் கையுறையோடு அதைத் தூக்கிக்கொண்டுபோய் நடைபாதையில், கழிவறைக்குப் பக்கத்துக் கதிரையில் வைத்தார். அப்பா அந்தக் கதிரைக்குப் பக்கத்தில் மூன்று மணித்தியாலம் நின்றார். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

இந்த முறை அவருக்கு முன்மேசை. நடுவில். எழுபதாம் இலக்கத்துக்காக ஸ்ரீநிவாசனே ஒதுக்கிக் கொடுத்தார். "அந்த மேசையில ஒருக்கா இருந்திட்டால் காணும்" என்று அப்பா சொன்னார். அவர் கேட்டது அவ்வளவுதான்.

கண்காட்சி சனிக்கிழமை. வெள்ளிக்கிழமை காலை அப்பா வேலைக்குப் போனதும் அம்மா என் அறை வாசலில் வந்து நின்றார். தலை முழுகி, நல்ல சீலை கட்டி, கையில் அருச்சனைத் தட்டு. தட்டில் தேங்காய், வாழைப்பழம், வெற்றிலை, ராணியின் பெட்டி.

"காரை எடு. றிச்மண்ட் ஹில் கோயிலுக்குப் போட்டு வருவம்."

"அம்மா, அது அப்பான்ர..."

"தெரியும். கார் வாங்கினாலும் கொண்டுபோறம். உன்ர லப்ரொப்புக்கும் செய்தனாங்கள். போனமுறை அந்தக் கோப்பையைக் கொண்டுபோகேல்லை, என்ன நடந்தது?"

காரணகாரியம் பிழையென்று சொல்ல எனக்குத் தெரியும். காரை எடுத்தேன்.

பேவியூ வீதியில் திரும்பிக் கோயில் வளவில் காரை நிற்பாட்டியதும் அம்மா பெட்டியைத் திறந்து சிமிழை என்னிடம் நீட்டினார்.

"உதைக் கழட்டு."

"அப்பா கையே வைக்கக்கூடாது எண்டவர்."

"உன்னைக் கை வைக்கச் சொன்னனானே? மூடியைக் கழட்டத்தானே சொன்னனான். மூடியோட வைச்சால் அருச்சனை பிளாஸ்ரிக்குக்கெல்லோ போகும்."

நகத்தால் நெம்பி மூடியைக் கழற்றினேன்.

உள்ளே ஐயர் தட்டை வாங்கி, ராணியைப் பார்த்து, ஆச்சரியப்படாமல், "ஆற்ற பேருக்கு?" என்று கேட்டார். கடவுச்சீட்டு, வீட்டுத் திறப்புக் கொத்து, சோதனை எழுதப்போகும் பேனை எல்லாம் அவர் கையால் போய்வந்தவைதானே.

"குலசிங்கம், சித்திரை நட்சத்திரம்" என்றார் அம்மா.

"ராணிக்கெண்டெல்லோ வந்தனாங்கள்?" என்று நான் மெதுவாகக் கேட்டேன்.

"அவவின்ர நட்சத்திரம் உனக்குத் தெரியுமே?"

"தெரியாது."

"அப்ப பேசாமல் நில்."

அருச்சனை எந்தக் குறையும் இல்லாமல் முடிந்தது. குறை கார்த் தரிப்பிடத்தில் நடந்தது. அம்மா முன்சீற்றில் இருந்து, வாழையிலைத் துண்டில் கிடைத்த சந்தனத்தை மோதிர விரலால் தொட்டு, நாணயத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினார்.

"இது ஒரு பக்க முகமெல்லோ. நடுநெத்தி எங்கை?"

"பாதி இஞ்சால, பாதி மற்றப் பக்கத்தில."

"அப்ப பாதிப் பொட்டு வைக்கட்டே?"

"பாதிப் பொட்டு மரியாதையில்லை" என்றேன். நான் செய்த உதவி அவ்வளவுதான். பிறகு வீட்டில் நடந்த விசாரணையில் இதைத் திரும்பத் திரும்பச் சொன்னேன், எடுபடவில்லை.

அம்மா புருவத்துக்குச் சற்று மேலே முழுப் பொட்டாகவே வைத்தார். முதலில் சந்தனம், அதன்மேல் குங்குமம். ராணி நன்றாகத்தான் இருந்தார். கலியாண வீட்டில் முன்வரிசைக் கதிரையில் இருந்துகொண்டு, சாப்பாடு எப்போது என்று கேட்காமல் கேட்கிற பெரியம்மா மாதிரி. மூடியைப் போட்டுப் பெட்டிக்குள் வைத்தோம்.

அப்பா ஐந்து மணிக்கு வேலையால் வந்தார். கை கழுவினார். துடைத்தார். வெள்ளைக் கையுறை போட்டார். மேசைவிளக்கைப் பற்றவைத்துப் பெட்டியைத் திறந்தார்.

கையுறையோடு அப்படியே கதிரையில் இருந்தார். "இஞ்சேரும்" என்று அம்மாவைக் கூப்பிட்டார்.

"என்னப்பா?"

"இதை ஆர் திறந்தது?"

"கீதன்."

எட்டு மணித்தியாலம் ஒன்றாகப் பயணம் செய்த கூட்டாளியான என்னை அம்மா எட்டு நொடிகூட யோசிக்காமல் காட்டிக்கொடுத்தார். பயணம் உண்மையில் இரண்டு மணித்தியாலம்தான். துரோகத்தின் அளவைக் காட்டுவதற்காகக் கூட்டினேன்.

"பொட்டு?"

"பிள்ளையாற்ற குங்குமம்" என்றார் அம்மா, கை யாருடையது என்று சொல்லாமல். "ஏன் முகத்தைத் தொங்கப் போடுறியள்? பிடிக்காட்டிப் புளி போட்டுத் தேய்ச்சு விடுறன். குத்துவிளக்கு எப்பிடி மினுங்குது?"

அப்பா கண்ணை மூடினார். விரல் பட்டாலே மதிப்புக் குறையும் என்று எங்களுக்குப் பாடம் எடுத்தவர் அவர். புளி என்ற சொல்லை அந்த அறையில் அவர் எதிர்பார்க்கவில்லை. விவரச் சீட்டின் வாசகத்தை ஆறு மணிக்குள் சங்கத்துக்கு அனுப்பவேண்டும், அச்சடிப்பது அவர்கள். அப்போது ஐந்தேகால். அவர் கையுறையைக் கழற்றாமலே ஸ்ரீநிவாசனுக்கு அழைப்பெடுத்து, கைத்தொலைபேசியை மேசையில் வைத்தார். மூன்று பேருக்கும் கேட்டது.

"சொல்லுங்க சார்."

"ஸ்ரீநிவாசன், நாணயத்தில குங்குமம் பட்டிட்டுது."

அந்தப் பக்கம் நாற்காலி ஒன்று இழுபட்டது.

"எந்தப் பக்கம் சார்?"

"முகப்பக்கம்."

"முகத்துல எங்க?"

"நெத்தியில."

"நெத்தியிலயா? அதெப்படி சார் கரெக்டா நெத்தியில..."

"நான்தான் வைச்சனான்" என்றார் அம்மா.

"சார், தயவுசெஞ்சு தேய்ச்சிடாதீங்க. தேய்ச்சா அப்புறம் அது காயினே இல்ல, வெறும் வெள்ளி. நீங்க வித்ட்ரா பண்ணிக்கறதுதான் மரியாதை. அதே காயின் எங்கிட்ட இருக்கு, நம்பர் நாலாயிரத்துச் சொச்சம். உங்க எடத்துல அத வச்சிடறேன். வேணும்னா உங்க பேரயே போட்டுக்கலாம்."

நல்ல மனதோடு சொன்னார். அதுதான் அப்பாவுக்குச் சுட்டது.

"நாலாயிரத்துச் சொச்சம்" என்று மெதுவாகத் திருப்பிச் சொன்னார். பிறகு சிமிழைக் கையில் எடுத்து விளக்குக்குக் கீழே பிடித்தார். இந்த முறை நிறைய நேரம் பார்த்தார். "ஸ்ரீநிவாசன், உங்கட விதியில குங்குமம் கூடாது எண்டு இருக்கோ?"

தாள் புரளும் சத்தம் கேட்டது. அவர் உண்மையாகவே தேடினார்.

"அப்படின்னு இல்ல சார். இருக்கறத இருக்கறபடி சீட்டுல போடணும். அவ்ளோதான்."

"அப்ப போடுறன். உங்கட நாலாயிரத்தை நீங்களே வைச்சிருங்கோ. என்ர ராணி கோயிலுக்குப் போட்டு வந்தவ."

தொலைபேசியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "ரைப் பண்ணு."

பண்ணினேன். எலிசபெத் அரசியார் அரியணையேறிய எழுபதாம் ஆண்டு வெள்ளி நாணயம். சான்றிதழ் இலக்கம் 70. நெற்றியில் சந்தனமும் குங்குமமும். வைத்தவர் உரிமையாளரின் மனைவி.

"என்ர பேரையும் போடலாம்தானே?" என்று அம்மா கேட்டார். வைத்தவர் திருமதி குணவதி குலசிங்கம் என்று மாற்றினேன். மூடியைக் கழற்றியவர் பெயரையும் சேர்க்கவா என்று கேட்டேன். அப்பா என்னை ராணி பார்க்கிற மாதிரிப் பார்த்தார், ஒரு பக்கமாக.

சனிக்கிழமை பத்து மணிக்குக் கதவு திறக்கும். ஒன்பதே முக்காலுக்கு நாங்கள் முன்மேசைக்கு முன்னால் நின்றோம். நடுவில் கறுப்பு வெல்வெற் துணி. அப்பா பெட்டியைத் திறந்து சிமிழை வைத்தார், சங்கம் அச்சடித்து வைத்திருந்த சீட்டை நிறுத்தினார், பின்னால் ஒரு அடி போய்ப் பார்த்தார். ஸ்ரீநிவாசன் கையுறையும் உருப்பெருக்கியுமாக வந்து குனிந்தார். சீட்டைப் படித்தார். நாணயத்தைப் பார்த்தார். மறுபடி சீட்டைப் படித்தார்.

"சார்."

"சொல்லுங்கோ."

"சீட்டுல நெத்தின்னு போட்டிருக்கு. இது தாடையில இருக்கு."

நாங்கள் மூன்று பேரும் குனிந்தோம். இரவோடு இரவாகச் சந்தனம் காய்ந்திருக்கிறது. மல்வேர்ன் வீதிகளின் குழிகள் மிச்சத்தைச் செய்திருக்கின்றன. பொட்டு முழுசாகக் கழன்று, சிமிழுக்குள் சறுக்கி, ராணியின் தாடையில் போய்த் தங்கியிருந்தது.

"தாடை எண்டு மாத்தட்டே?" என்று நான் பேனையை எடுத்தேன்.

"கையால திருத்தக்கூடாது. பிரிண்ட் பண்ணின சீட்டுதான்." ஸ்ரீநிவாசன் உண்மையாகவே வருத்தப்பட்டார். "சாரி சார். பொருளும் சீட்டும் மேட்ச் ஆகணும்."

அப்பா நடைபாதைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அந்தக் கதிரை அங்கேயே இருந்தது. கதவுக்கு வெளியே சனம் சேரத் தொடங்கிவிட்டது. அவர் இரண்டு கையுறையையும் ஒவ்வொன்றாகக் கழற்றிச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

"இஞ்சேரும். கைப்பையில குங்குமம் கிடக்கோ?"

"கிடக்கு. ஏன்?"

அவர் வெறும் விரலால் சிமிழின் மூடியைக் கழற்றினார். என் நகத்தைவிடச் சுத்தமாகக் கழற்றினார். நாணயத்தின் விளிம்பைப் பிடித்துக் கவிழ்த்து ஒரு தட்டுத் தட்டினார். தாடையில் இருந்தது வெல்வெற்றில் விழுந்தது.

"வையும்" என்றார்.

"தொடக்கூடாது எண்டனீங்கள்."

"தேய்க்கத்தான் கூடாது. சீட்டில நெத்தி எண்டு இருக்கு. நெத்தியில வையும்."

"சார், இது வந்து..." என்று ஸ்ரீநிவாசன் தொடங்கினார்.

"விதியில இருக்கோ?"

ஸ்ரீநிவாசன் யோசித்தார். அவர் மனதுக்குள் விதிகளின் பக்கங்கள் புரள்வது முகத்தில் தெரிந்தது. கடைசிப் பக்கமும் முடிந்தது.

"இல்ல சார்."

அம்மா பையிலிருந்து கடதாசிப் பொட்டலங்களை எடுத்தார். தண்ணீர்ப் போத்தலின் மூடியில் ஒரு சொட்டு விட்டு, பொட்டலத்தில் காய்ந்திருந்த சந்தனத்தைக் குழைத்தார். மோதிர விரலை நாணயத்துக்கு மேலே கொண்டுபோய் நிறுத்தினார்.

"தம்பி, எனக்குக் கிட்டப் பார்வை சரியில்லை. உதைக் கொஞ்சம் பிடியும்."

ஸ்ரீநிவாசன் உருப்பெருக்கியைப் பிடித்தார். பிடித்தபிறகு அவரால் சும்மா இருக்க முடியவில்லை.

"இன்னும் கொஞ்சம் மேல மேடம். புருவத்துக்கு மேல. இல்ல, உங்க ரைட் சைடு."

"ஒரு பக்க முகம், தம்பி. இடம் பிடிக்கிறது கஷ்டம்."

"ஆங். அங்கதான். அப்படியே வச்சிருங்க. இப்ப குங்குமம்" என்று பொட்டலத்தைத் தானே எடுத்து நீட்டினார்.

அப்பா மூடியைப் போட்டார். ஸ்ரீநிவாசன் சீட்டை இன்னொரு முறை மேலிருந்து கீழ்வரை படித்தார், நாணயத்தைப் பார்த்தார், தன் பட்டியலில் எழுபதாம் இலக்கத்துக்கு நேரே சரி போட்டார். கதவைத் திறந்தார்கள். சனம் நேரே நடுமேசைக்குத்தான் வந்தது.

அப்போதுதான் ஸ்ரீநிவாசன் தன் வெள்ளைக் கையுறையின் விரல் நுனியில் சிவப்புப் பட்டிருப்பதைக் கண்டார். நான் ரிசூத் தாள் ஒன்றை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"வேணாம்" என்றார். "தேய்க்கக்கூடாது."