ஏழாம் நம்பர் பஸ்ஸில் ஒரு பிரிவுபசாரம்

எங்கள் பள்ளியின் பெயரில் 'இன்டர்நேஷனல்' என்ற சொல் உண்டு. பக்கத்து மாவட்டத்திலிருந்துகூட இதுவரை ஒரு பிள்ளை வந்து சேர்ந்ததில்லை. எல்லோரும் செகந்திராபாத்தை அடுத்த உப்பலைச் சுற்றி இருப்பவர்கள்தான். இது கரஸ்பாண்டென்ட் கிருஷ்ணமூர்த்தி சாரை உறுத்திக்கொண்டே இருந்திருக்க வேண்டும். ஆசிரியர்களை ஓராண்டுக்கு நாடு விட்டு நாடு அனுப்பும் ஓர் அறக்கட்டளைக்கு விண்ணப்பம் போட்டார். 'ஆங்கிலம் கற்பிக்க வெளிநாட்டு ஆசிரியர் ஒருவர் தேவை' என்று எழுதினார். எந்த வெளிநாடு என்று எழுத மறந்துவிட்டார்.

ஜூன் மாதம் வந்து இறங்கியவள் ஷர்மிளா. வவுனியாவில் பத்து வருடம் ஆங்கிலம் கற்பித்தவள். நிறத்தில் என்னைவிடக் கொஞ்சம் கறுப்பு. விமான நிலையத்தில் பூங்கொத்தோடு நின்ற சார், அவளைத் தாண்டிப்போய், பின்னால் வந்த ஒரு வெள்ளைக்காரப் பெண்மணியிடம் அதை நீட்டினாராம். அந்த அம்மாள் மிரண்டு ஓடிய பிறகுதான் ஷர்மிளா தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டாள்.

மறுநாளே எங்கள் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். நான் ஜலஜா, கணக்கு டீச்சர். தாத்தா காலத்தில் ரயில்வே பட்டறை வேலைக்காகச் செகந்திராபாத்துக்கு வந்த குடும்பம். பள்ளியில் தமிழ் தெரிந்த டீச்சர் நான் ஒருத்திதான்.

"காம்பவுண்டுக்குள்ள தமிழ் ஒரு வார்த்தை வரக்கூடாது. பேரன்ட்ஸ் காதுல விழுந்தா ஃபாரின் இமேஜே போயிடும்" என்றார்.

அன்றிலிருந்து கெமிஸ்ட்ரி லேபின் பின்னால், உடைந்த ஸ்டூல்களுக்கு நடுவே எங்கள் மதிய உணவு. இரண்டு பெண்கள் புளிச்சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டு குசுகுசுவென்று தமிழ் பேசுவதற்கு ஒரு தலைமறைவு இயக்கத்துக்கு உண்டான ஜாக்கிரதை எல்லாம் தேவைப்பட்டது.

பெற்றோருக்கும் அவள்மீது குறை இருந்தது. எட்டாம் வகுப்பு ஷோபாவின் அம்மா நேரில் வந்தே புகார் கொடுத்தார். "ஃபாரின் மேடம் பேசற இங்கிலீஷ் எனக்கே புரியுது சார். அப்புறம் அது என்ன ஃபாரின் இங்கிலீஷ்?"

நியாயமான கேள்வி. சார் ஷர்மிளாவை அழைத்து, கொஞ்சம் புரியாத மாதிரிப் பேச முடியுமா என்று கேட்டார். முயற்சி செய்வதாகச் சொல்லிவிட்டு, அவள் பழையபடியே பேசினாள். தன் எட்டாம் வகுப்பில் நோட்ஸ் கொடுக்கவில்லை. பிள்ளைகளைச் சண்டை போட வைத்தாள், பொய் சொல்ல வைத்தாள், பஸ் டிரைவர் பாபுவைப் பேட்டி எடுக்க வைத்தாள். எல்லாம் ஆங்கிலத்தில். இலக்கணம் நடுத்தெருவில் விழுந்து கிடந்தது. பிள்ளைகள் அதைத் தாண்டிக் குதித்துப் பேசிக்கொண்டே போனார்கள்.

ஏப்ரலில் ஆண்டு முடிந்தது. வழியனுப்ப விழா எடுக்கலாம் என்றார் சார். புதிய அட்மிஷன் தொடங்கும் வாரமும் அதுவாக அமைந்தது தற்செயல் என்றே வைத்துக்கொள்வோம். வாசலில் பெரிய ஃபிளெக்ஸ். அதில் ஷர்மிளா கோதுமை நிறத்தில் இருந்தாள். பின்னணியில் லண்டன் மணிக்கூண்டு.

"சார், நான் லண்டனுக்குப் போனதே இல்லை" என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

"சிம்பாலிக் மேடம்" என்றார் அவர்.

விழா இரண்டு மணிக்குத் தொடங்கியது. கரஸ்பாண்டென்ட் பேசினார். அவருடைய மைத்துனர் பேசினார். தலைமை விருந்தினராக வந்த ரியல் எஸ்டேட்காரர், ஆசிரியப் பணியின் மகத்துவத்தில் ஆரம்பித்து, போடுப்பலில் விற்காமல் கிடக்கும் மனைகளில் முடித்தார். நிகழ்ச்சி நிரலின் கடைசியில் இரண்டு வரிகள் மீதமிருந்தன: 'மாணவர்கள் விடைபெறுதல்', 'ஷர்மிளா மேடம் ஏற்புரை'. அதற்குள் மூன்றரை மணி ஆகிவிட்டது. பள்ளி பஸ்கள் கிளம்பும் நேரம்.

"ஷார்ட்டா முடிச்சுக்கலாம்" என்று சார் மைக்கைப் பிடித்து, அவரே பிள்ளைகளின் சார்பில் விடைகொடுத்தார். ஷர்மிளாவின் சார்பில் நன்றியும் சொன்னார். தேசிய கீதம் பாடி ஆயிற்று. ஒரு வருடம் பாடம் சொன்னவள் தன் பிரிவுபசார விழாவில் வாயே திறக்கவில்லை.

அவள் மேடையிலிருந்து இறங்கி ஓடினாள். நான் பின்னால் ஓடினேன். மைதானத்தில் ஒன்பது பஸ்கள் உறுமிக்கொண்டு நின்றன. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஒன்பதிலும் சிதறி உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னல்தோறும் கைகள்.

"எதிலடி ஏறுறது, ஜலஜா?"

"எதிலயாவது ஏறு, கிளம்பிடப் போகுது!"

கிட்டத்தில் நின்றது ஏழாம் நம்பர். ஏறினோம். மற்ற எட்டும் எங்களைத் தாண்டிப் போயின. ஒவ்வொன்றும் போகும்போது அவள் கையசைத்துக்கொண்டே நின்றாள். ஒருவர் முகமும் சரியாகத் தெரியவில்லை என்று பிறகு சொன்னாள்.

எங்கள் பஸ்ஸில் அவளுடைய பிள்ளைகள் பதினொரு பேர். நிறுத்தம் வரும்போது, இறங்குபவரோடு படிக்கட்டுவரை போய் வழியனுப்பினாள். முதலில் இறங்கியவன் ஹர்ஷா. ஒரு வருடத்தில் பத்து வார்த்தை பேசாதவன். இன்றைக்காவது ஏதாவது சொல்வான் என்று நானே எதிர்பார்த்தேன். அவன் பையைத் தோளில் மாட்டினான், இறங்கினான், திரும்பிப் பார்க்காமல் போனான்.

"நல்லா இருக்கு" என்று ஷர்மிளா முணுமுணுத்தாள்.

அடுத்தது ஷோபா. "மிஸ், எங்களை மறந்துடுவீங்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

பெரியவர்கள் இந்த இடத்தில் சொல்லும் பொய் எல்லோருக்கும் தெரியும். ஷர்மிளா கொஞ்சம் யோசித்து, "மறப்பேன். முதலில் பெயர்கள் போகும். முகங்கள் கொஞ்ச காலம் இருக்கும்" என்றாள்.

"எனக்கும் அப்படித்தான் ஆகும் மிஸ்" என்று ஷோபா தலையாட்டினாள். பிறகு இருவரும் கட்டிப்பிடித்து அழுதார்கள். பாபு ஹார்ன் அடித்துப் பார்த்து, அப்புறம் விட்டுவிட்டார்.

ஹப்சிகுடா தாண்டியது, தார்நாகா தாண்டியது. மிஞ்சியது மனோஜ் மட்டும். லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸ் பையன், தமிழ்க் குடும்பம். தமிழ் புரியும், பதில் தெலுங்கில் வரும். பஸ் காலியாகிவிட்ட தைரியத்தில் ஷர்மிளா என்னிடம் தமிழில் பேசிவிட்டாள்.

"இவ்வளவு நாளும் பிள்ளையளோட மனம்விட்டு ஒரு வார்த்தை கதைக்கேல்லை. அதுதான் எனக்குக் கவலை."

முன்சீட்டிலிருந்து மனோஜ் திரும்பினான்.

"மிஸ், மாக்கு ஜூன்லோனே தெலுசு" என்றான். எங்களுக்கு ஜூன் மாதமே தெரியும் என்கிறான்.

"என்ன தெரியும்?"

மதிய நேரத்தில் லேபுக்குப் பின்னால் பந்து எடுக்கப் போனானாம். நாங்கள் தமிழில் பேசியது காதில் விழுந்ததாம். வகுப்பில் எல்லோருக்கும் சொல்லிவிட்டானாம். சாருக்குத் தெரிந்தால் மிஸ்ஸைத் திருப்பி அனுப்பிவிடுவார் என்று நாற்பது பேரும் வாய் திறப்பதில்லை என்று முடிவு செய்தார்களாம். வாட்ச்மேன் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் மதியம் யாராவது ஒருவன் வயிற்றுவலி என்று விழுவானாம்.

எட்டாம் வகுப்பு அந்த வருடம் ஏன் அப்படி வயிறு கெட்டுக் கிடந்தது என்று நான் யோசித்ததே இல்லை. மூன்று முறை நானே ஓம வாட்டர் கொடுத்திருக்கிறேன்.

குவார்ட்டர்ஸ் வாசலில் ஷர்மிளாவும் அவனோடு இறங்கினாள், பின்னாலேயே நானும். அவன் தலையில் கைவைத்து, "போட்டு வாறன் ராசா" என்று விடைபெற்றாள். அவனுக்கு அந்தத் தமிழ் புரிந்ததோ என்னவோ, "ஓகே மிஸ்" என்று சொல்லிவிட்டு ஓடினான். அவள் அங்கேயே ரயில்வே சுவரோரம் உட்கார்ந்து, மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதாள். நடுவில் அவள் கைப்பேசி அடித்தது. கரஸ்பாண்டென்ட் சார். அட்மிஷன் பிரசுரத்துக்குப் பூங்கொத்தோடு ஒரு போட்டோ பாக்கியாம்.

"போகவா?" என்று என்னைக் கேட்டாள்.

"நக்கோ, வேண்டாம்" என்றேன் நான். "வா, மிர்ச்சி பஜ்ஜி சாப்பிடலாம்."

ஆளுக்கு நான்கு சாப்பிட்டோம். மறுநாள் விடியற்காலை விமானத்தில் போய்விட்டாள்.

அடுத்த ஜூனில் சார் விண்ணப்பத்தில் நாட்டின் பெயரைத் தெளிவாக எழுதினார். அறக்கட்டளை பதிலே போடவில்லை. அதனால் எட்டாம் வகுப்பு ஆங்கிலத்தையும் என்னிடம் தள்ளிவிட்டார். வெளிநாட்டவரோடு ஒரு வருடம் பழகியதால் 'ஃபாரின் டிரெயின்டு' என்று என் பெயருக்கு எதிரே பிரசுரத்தில் போட்டிருக்கிறது. போட்டோவில் நானும் இப்போது கோதுமை நிறம்.