அஜிதா கிறகரியின் பதிமூன்று

பதிமூன்று ஒன்றும் அவ்வளவு மோசமில்லை, எதில் பதிமூன்று என்று கேட்கத் தெரிந்தவர்களுக்கு மோசமில்லை, ஆனால் இன்றைக்கு அந்த அறையில் அப்படிக் கேட்கப்போகிறவர்கள் எத்தனை பேர்... பூர்ணா பேருந்தின் ஜன்னலோரம் நகர்ந்து உட்கார்ந்தாள், பக்கத்தில் ஏறியவரின் பூட்ஸிலிருந்து உருகிய பனி அவள் பையை நோக்கி ஓடி வந்தது, பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். ஷெர்ப்ரூக் தெரு வழக்கம்போல் ஊர்ந்துகொண்டிருந்தது. பத்து மணிக்குத்தான் கூட்டம், அஜிதா கிறகரியை நிரந்தரப் பணியில் வைத்துக்கொள்வதா, ஒப்பந்தம் முடிந்ததும் அனுப்பிவிடுவதா என்று முடிவுசெய்யும் கூட்டம், அனுப்பிவிட்டால் அவளுடைய ஆய்வுக்கூடம் மூடப்படும், மூன்று மாணவர்கள் வேறு இடம் தேடுவார்கள், ஆறு மருத்துவமனைகளிலிருந்து அவள் சேர்த்த கணையப் புற்றுநோய்த் திசுக்கள் யாருக்கும் பயன்படாமல் ஃப்ரீஸரில் கிடக்கும். அதற்குக் காரணமாக ஒரு பதிமூன்று. குறைந்தது பதிமூன்று முறையாவது மற்றவர்கள் மேற்கோள் காட்டிய கட்டுரைகள் பதிமூன்று இருக்கின்றன, அவ்வளவுதான் அந்த எண்ணுக்கு அர்த்தம், அதை ஒரு மனுஷியின் உயரம்போலப் பேசுவார்கள். பூர்ணாவின் எண் ஐம்பத்தொன்று. ஐம்பத்தொன்று உள்ளவள் பேசினால் கேட்பார்கள். கேட்கவைக்கலாம், அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை, இந்த நகரத்தில் முப்பது வருஷமாக அவள் சொன்னதைக் கேட்காமல் யார் எழுந்து போயிருக்கிறார்கள்?

ஆனால் முதலில் அதைச் சொல்லிவிட வேண்டும், தானே முந்திக்கொண்டு சொல்லிவிட வேண்டும், இந்தப் பெண் என்னைத் தப்பென்று நிரூபித்தவள் என்று. போன வாரமே செலீனிடம் போனில் சொல்லியாகிவிட்டது, குழுத் தலைவி அவள், நீ விலகினால் அந்த வேலையைப் புரிந்துகொள்ள அறையில் ஆள் இருக்காது, நீ இரு என்றாள். சரி, இருக்கிறேன். பதினாறு வருஷத்துக்கு முன்னால் பூர்ணா எழுதிய கட்டுரை, ஒரு புரதத்தை அடைத்தால் கணையத்திலிருந்து ஈரலுக்குப் புற்று பரவுவது நின்றுவிடுகிறது, எலிகளில்... இரண்டாயிரத்துக்கும் மேல் மேற்கோள், அதை நம்பி ஒரு மருந்து வந்தது, நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், ஒருவருக்கும் பலன் இல்லை. ஏன் இல்லை என்று எல்லோரும் கை பிசைந்துகொண்டிருந்தபோது இந்தப் பெண் நாலு வருஷம் வாய் திறக்காமல் திசுவாகச் சேர்த்து, மனிதக் கட்டிகளில் அந்த வழியை அடைத்தால் செல்கள் வேறொரு வழியில் போய்விடுகின்றன என்று காட்டினாள். நாலு வருஷத்துக்கு ஒரே கட்டுரை. அது வந்த அன்று பூர்ணா சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் ஒரு கருத்தரங்கில் இருந்தாள், மதியம் ஏரிக்கரையில் நின்று கைபேசியிலேயே முழுவதும் படித்தாள், கை விறைத்துப்போனது தெரியவில்லை, வலித்ததா? வலித்தது, ஒரு சாயங்காலம். அதற்கப்புறம் இல்லை. நல்ல வேலை என்று தெரிந்தபின் அதன்மேல் எப்படிக் கோபப்படுவது, அது பூர்ணாவால் ஆகாது, தன்னைப்பற்றி அவளுக்கு அவ்வளவு தெரியும்.

சனிக்கிழமை சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து அதைச் செய்யாமல் இருந்திருக்கலாம். கூட்டத்துக்கு வலுவாக ஏதாவது வேண்டுமென்று, தன் கட்டுரையைச் சமீபத்தில் மேற்கோள் காட்டியவர்கள் என்னதான் எழுதியிருக்கிறார்கள் என்று ஒவ்வொன்றாகத் திறந்து அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் படித்தாள். ரசம் அடுப்பில் கொதித்து வழிந்தது. பூர்ணாவும் குழுவினரும் இவ்வாறு கூறினர், ஆயினும் கிறகரி காட்டியபடி... அடுத்தது, தொடக்கத்தில் இவ்வாறு கருதப்பட்டது, ஆயினும்... அடுத்தது, ஆயினும். அந்த ஆயினும் இல்லாத கட்டுரை அபூர்வமாக இருந்தது. அவளுடைய வருடாந்திர மேற்கோள் வரைபடம் சரியத் தொடங்கிப் பிறகு திடீரென்று நிமிர்ந்து ஏறுகிறதே, அந்த ஏற்றம் அஜிதாவின் கட்டுரை வந்த வருஷத்திலிருந்துதான் தொடங்குகிறது. அந்த வரைபடத்தைத்தான் அடுத்த ஆண்டு தன் ஆராய்ச்சி இருக்கையைப் புதுப்பிக்க அனுப்பப்போகும் விண்ணப்பத்தின் முதல் பக்கத்தில் வைத்திருக்கிறாள். சொல்லலாமா? சொன்னால் அறையில் இருக்கும் நாலு பேரும் அடுத்த வருஷம் அதை மறக்கவா போகிறார்கள்... சொல்லாமலும் அஜிதாவுக்காகப் பேசலாம், நிறையப் பேசலாம், ஆனால் அதைவிட நல்ல வாதம் ஒன்றும் இல்லையே. வான்டோம் நிலையத்தில் இறங்கி, சேறும் பனியுமான நடைபாதையைத் தாண்டும்போது முடிவாகிவிட்டது, சொல்வோம், இதில் யோசிக்க என்ன இருக்கிறது.

பாலசந்திரன்தான் எண்களை வாசித்தார், நல்ல மனிதர், சென்னைக்காரர், ரத்தப் புற்றுநோய் ஆராய்ச்சிக்காரர், தீபாவளிக்கு வீட்டுக்கு வந்து தோசைக்கு மேல் தோசை சாப்பிடுகிறவர், ஆனால் எண்களை வாசிக்கும்போது அவர் குரலில் ஒரு விமான நிலைய அறிவிப்புக்காரி வந்துவிடுவாள். பன்னிரண்டு வருஷம், பத்தொன்பது கட்டுரை, எண் பதிமூன்று, இதே அளவு அனுபவமுள்ள மற்ற துறைக்காரர்களின் நடு எண் இருபத்திரண்டு. அறையில் யாரோ பேனாவை மூடினார்கள். கூட்டம் பிரெஞ்சில் தொடங்கி ஆங்கிலத்துக்கு வழுக்கியிருந்தது, பூர்ணா இரண்டையும் கலந்து பேசினாள், எழுந்து நின்றாள், உட்கார்ந்து பேசினால் அவள் குள்ளம். என் வரைபடத்தைத் திரையில் போடுங்கள் என்றாள். என்னுடையதை. செலீன் புருவத்தைத் தூக்கிக்கொண்டே போட்டாள். இந்த இடத்தில் சரிகிறது பாருங்கள், இங்கே ஏறுகிறது, ஏன் ஏறுகிறது என்று நீங்கள் யாரும் கேட்டதில்லை, நானும் சனிக்கிழமை வரை கேட்டதில்லை, இந்த ஏற்றம் முழுக்க அவளுடைய வேலை, அவளைப் பற்றிப் பேசுகிறவர்கள் மரியாதைக்கு என்னையும் ஒரு வரியில் சேர்த்துக்கொள்கிறார்கள், அந்த வரியும் என் கணக்கில் விழுகிறது, நான் தப்பு என்று சொல்லும் வரிக்கும் எனக்கு ஒரு மதிப்பெண், இந்த இயந்திரம் அப்படித்தான் எண்ணுகிறது. அவள் மற்றவர்களைப்போல் அந்தத் திசுக்களைப் பிய்த்துப் பிய்த்து ஏழு கட்டுரையாகப் போட்டிருந்தால் இன்று பாலசந்திரன் வேறு எண்ணை வாசித்திருப்பார். போடவில்லை, ஒன்றாகப் போட்டாள், அதைப் பார்த்து அந்த மருந்தின் அடுத்த சோதனையை நிறுத்தினார்கள், அதில் சேரவிருந்தவர்கள் தங்கள் கடைசி மாதங்களை வீணான மருந்தில் கழிக்காமல் தப்பித்தார்கள், அவர்கள் எந்தப் பட்டியலிலும் இல்லை. பேசப் பேசக் குரல் தானாக இறங்கியது, நன்றாகப் பேசும்போது அப்படித்தான் இறங்கும், அது அவளுக்குத் தெரியும், முடித்துவிட்டு உட்கார்ந்தபோது ஒரு சுகம், நல்ல மழையில் நனைந்து வீட்டுக்குள் வந்ததுபோல. வாக்கெடுப்பில் அஜிதாவுக்கு எதிராக ஒருவர்கூட இல்லை, பாலசந்திரனும் கையைத் தூக்கினார்.

தாழ்வாரத்தில் அவர் பின்னாலேயே வந்தார். "என்ன பூர்ணா, இப்படிப் பண்ணிட்டீங்க? அந்தப் பொண்ணுக்குப் பேசினது சரி, உங்க கிராஃபை எதுக்கு எடுத்துப் போட்டீங்க? அடுத்த வருஷம் உங்க ஃபைல் வரும்போது செலீன் இதைத்தானே நெனச்சுப்பா?" நெனச்சுக்கட்டும் என்று சொன்னாள். "நீங்க சும்மா அவளை நாலு வார்த்தை புகழ்ந்திருந்தாலே நான் கை தூக்கியிருப்பேனே." அப்படியா, தூக்கியிருப்பாரா... இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், இப்போது சொல்வது சுலபம். "பாலா, எனக்கு அம்பத்தெட்டு வயசு. கிராஃப் இல்லாமலும் நான் என்ன செஞ்சேன்னு சொல்லத் தெரியும்" என்றாள். அவர் சிரித்துவிட்டுப் போனார், கோபமில்லாத சிரிப்பு. உண்மையாகவே தெரியும், அந்தப் புரதத்தை முதலில் கண்டது அவள், வழி ஒன்று இருக்கிறது என்று சொன்னது அவள், இன்னொரு வழியும் உண்டென்று ஒருத்தி வந்து சொல்வதற்கு முதல் வழி வேண்டாமா, அதை அழகாக எழுதிவிடலாம், வரைபடத்தைத் தூக்கிவிட்டு முதல் பக்கத்தைப் புதிதாக எழுதலாம், இந்த வார இறுதியிலேயே... பசித்தது, காலையில் ஒரு டோஸ்ட்தான்.

கீழே காபிக் கடை வரிசையில் அஜிதா நின்றிருந்தாள், தோளில் பை, ஆய்வுக்கூடக் கோட்டைக் கழற்ற மறந்திருந்தாள். பூர்ணா முகத்தை ஒழுங்குபடுத்திக்கொண்டாள், முடிவைச் செலீன் எழுத்தில் தெரிவிக்கும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது, கண்ணில்கூட எதுவும் தெரியக் கூடாது, சந்தோஷத்தை மறைப்பது வருத்தத்தை மறைப்பதைவிடக் கஷ்டம். "டொக்டர், ஒரு நிமிசம் உங்களோட கதைக்கலாமோ?" என்றாள் அஜிதா. பூர்ணா தலையை ஆட்டினாள், இவள் கேட்டுவிடுவாளோ... "கூட்டம் முடிஞ்சுது எண்டு தெரியும். அதைப் பற்றி நான் ஒண்டும் கேக்கேல்லை. இது வேற விசயம், கன நாளாக் கேக்கவேணும் எண்டு இருந்தனான், என்ர ஃபைல் உங்களிட்ட இருக்கேக்க கேட்டா வேற மாதிரி நினைப்பியளோ எண்டுதான் பேசாம இருந்தனான்." கேளு என்றாள் பூர்ணா. "உங்கட பேப்பரில மூண்டாவது படம் இருக்கெல்லோ, மருந்து குடுத்த எலியள். எல்லாப் புள்ளியும் கீழ ஒரே இடத்தில நிக்குது. ரெண்டே ரெண்டு மட்டும் தனிய மேல நிக்குது. அந்த ரெண்டு எலியின்ர திசு இன்னும் உங்களிட்ட இருக்கோ?"

அந்த ரெண்டா... கண்ணை மூடினால் அந்தப் படம் வரும், எத்தனை ஊர்களில் எத்தனை அரங்குகளில் காட்டியிருப்பாள், லேசர் பொட்டு எப்போதும் கீழேயிருந்த கூட்டத்தைத்தான் சுற்றும், மேலே போனதில்லை. அந்த இரண்டைப் பற்றி என்ன எழுதினோம்? விலகிய மதிப்புகள் என்று பாதி வாக்கியம். மருந்து கொடுத்தும் அந்த இரண்டிலும் ஈரலுக்குப் பரவியிருந்தது, பரவியிருந்தது என்றால் வேறு வழியில்தானே... இரண்டு எலிகள் அன்றைக்கே காட்டியிருக்கின்றன. "இருக்கும்னு நினைக்கிறேன், அஜிதா, தேடிப் பார்க்கணும். அது ஏன் அப்படி ஆச்சுன்னு... எனக்குத் தெரியல." "ஓம், அவசரமில்லை டொக்டர், பேந்து பாப்பம்" என்று அஜிதா தன் காபியை வாங்கிக்கொண்டு லிஃப்ட் பக்கம் போனாள், கதவு திறந்தது, மூடியது. இவள் எப்போதிலிருந்து அந்த இரண்டு புள்ளிகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், திசு சேர்க்கத் தொடங்கியதற்கு முன்பேயா? கல்லாவில் நின்ற பெண் இரண்டாவது முறையாக என்ன வேண்டுமென்று பிரெஞ்சில் கேட்டாள், பூர்ணா ஏதோ சொன்னாள். தன் கட்டுரையை எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள் என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வாள். எத்தனை பேர் படித்தார்கள்... ஒருத்தி, என்று எண்ணத் தொடங்கினாள், அடுத்ததாகத் தன்னைச் சேர்த்துக்கொள்ளலாமா என்ற இடத்தில் எண்ணிக்கை நின்றுவிட்டது.