கேபினில் மறந்த பாட்டில்

அடிவயிறு கல் மாதிரி இறுகிக் கிடந்தது. இப்போதுதான் கழிப்பறைக்குப் போய்விட்டு வந்து உட்கார்ந்தார் கிரேன்காரர். சுவரில் ஒரு கையை ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றதற்கு விழுந்தது என்னவோ சில சொட்டுகள். மிச்சச் சொட்டு ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்த பிறகு தானாக வந்தது. அதனால்தான் கொஞ்ச காலமாகக் கறுப்புக் கால்சட்டையைத் தவிர வேறு எதையும் அவர் போடுவதில்லை.

"மறுபடியுமா?" என்றாள் மனைவி.

"மெதுவாப் பேசு."

"இங்க உக்காந்திருக்கிற எல்லாரும் அதுக்குத்தான் வந்திருக்காங்க. யாருகிட்ட மறைக்கிறீங்க?"

எதிர் வரிசையைப் பார்த்தார். முக்கால்வாசிப் பேர் கறுப்புக் கால்சட்டை.

மருத்துவர் ஒரு பெண். மகள் வயதுதான் இருக்கும். அதிலேயே அவர் பாதி செத்துவிட்டார். அவளோ கொஞ்சமும் கூசாமல் பேசினாள்.

"உங்ககிட்ட ரெண்டு விஷயம் இருக்கு, ஐயா. புராஸ்டேட் வீங்கி மூத்திரக்குழாயை நெருக்குது. அது ஒண்ணு. அதுக்குள்ளயே ஓரமாக் கொஞ்சம் புத்துநோய் இருக்கு. அது இன்னொண்ணு. உங்களைப் பாடாப் படுத்துறது வீக்கம்தான். புத்து தூங்கிட்டு இருக்கு. பல பேருக்குக் கடைசி வரைக்கும் அது எழுந்திரிக்கறதே இல்ல."

மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"மாத்திரை கேக்கல. அதனால ஆபரேஷன். குழாய் வழியா உள்ள போய் அடைக்கிற சதையை மட்டும் சுரண்டி எடுக்கலாம். நீர் நல்லாப் போகும். புத்தை ரத்தப் பரிசோதனை, ஸ்கேன்னு பாத்துக்கிட்டே இருக்கலாம். தலை தூக்கினா அப்பப் பாத்துக்கலாம். இல்லைன்னா சுரப்பியையே முழுசா எடுக்கலாம். ரெண்டு தொல்லையும் போயிடும். ஆனா அது பெரிய ஆபரேஷன். கொஞ்ச மாசம் நீர் தன்னால ஒழுகும். சிலருக்கு நிக்காமலே போயிடும். தாம்பத்தியத்துக்கும் சிக்கல் வரலாம்."

"முழுசா எடுத்துடுங்க" என்றார் கிரேன்காரர்.

யோசித்துச் சொன்னதல்ல. ஆனால் காரணம் இருந்தது. மூத்திர வியாதி என்றால் கட்டட சைட்டில் சிரிப்பார்கள். புற்றுநோய் என்றால் குரலைத் தாழ்த்திக்கொண்டு தோளைத் தொடுவார்கள். அந்தப் பெரிய பெயருக்குப் பின்னால் அவர் ஒளிந்துகொள்ளப் பார்த்தார்.

சிரிப்பு எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். போன கோடையில் கிரேன் கேபினிலிருந்து ஒரு பாட்டில் உருண்டு விழுந்தது. கீழே கம்பி கட்டிக்கொண்டிருந்தவர்கள் முதுகெல்லாம் மூத்திரம். ஒரு சாண் தள்ளி விழுந்திருந்தால் ஒருவன் மண்டை உடைந்திருக்கும். அது ஷிஃப்ட் மாறிய நேரம். இவர் இறங்கி வந்துவிட்டார். மேலே ஏறி உட்கார்ந்து கிரேனைச் சுழற்றியவன் மச்சினன், மனைவியின் தம்பி. இவர்தான் அவனை அந்த வேலையில் சேர்த்துவிட்டவர். "நான் வைக்கல சார்" என்றான் அவன். சூப்பர்வைசர் இவரைப் பார்த்தார். இவர் தரையைப் பார்த்தார். அன்றோடு அவனுக்குச் சீட்டுக் கிழிந்தது. கம்பிக்காரர்கள் அவனுக்கு 'மழை' என்று பேர் வைத்தார்கள். அவன் கணக்கு முடிக்க வந்த நாளில், "மழை வருதுடா, குடை பிடி" என்று கத்தினார்கள். இவரும் ஒப்புக்குச் சிரித்தார். இப்போது அவன் சந்தையில் மூட்டை தூக்குகிறான். "என் புருஷன் மானத்தை வாங்கிட்டியேடா" என்று திட்டிய அக்கா அதன்பின் அவனோடு பேசவில்லை.

மருத்துவர் பேனாவைக் கீழே வைத்தாள். "கிரேன் ஓட்டுறீங்கன்னு போட்டிருக்கு. ஏறிட்டா சட்டுன்னு இறங்க முடியாதில்ல? ஒழுகுற உடம்போட அங்க உக்கார முடியுமான்னு யோசிக்கணும். இப்போ அடிக்கடி வருதே, மேல எப்படிச் சமாளிக்கிறீங்க?"

மனைவி பக்கம் திரும்பாமல், மேஜையைப் பார்த்துச் சொன்னார்.

"பாட்டில்ல."

"எவ்வளவு காலமா?"

"ரெண்டு மூணு வருஷமா."

மனைவி எழுந்து வெளியே போனாள். அவரும் பின்னால் போனார்.

வராந்தாவில் அவள் சுவரோடு சாய்ந்து நின்றாள்.

"அப்போ அது தம்பி வெச்சதில்ல."

அவர் தரையைப் பார்த்தார்.

"நான் அவனை வாசல்ல நிக்க வெச்சுக் கிழிச்சேன். நீங்க உள்ள உக்காந்து சாப்பிட்டுக்கிட்டு இருந்தீங்க."

"எடுத்துட்டு இறங்க மறந்துட்டேன். அப்புறம் சொல்ல நாக்கு எழும்பல."

"இப்போ புத்துநோய்னு சொல்லி எல்லார் வாயையும் அடைக்கலாம்னு பாத்தீங்க. அதுக்காக நல்லா இருக்கிறதையும் சேத்து அறுத்துக்குவீங்களா? வெக்கத்துக்கு ஆபரேஷன் கிடையாதுங்க."

பிறகு அவர் உள்ளே போய், சதையை மட்டும் சுரண்டினால் போதும், புற்றைக் கண்காணித்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு வந்தார். மருத்துவர் தலையாட்டினாள். "உங்க நிலைமைக்கு நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனா பரிசோதனைக்கு வராம ஏமாத்தக்கூடாது."

மனைவி தம்பிக்குப் போன் போட்டு, செல்போனை அவர் கையில் திணித்தாள்.

"மாமா, ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கீங்கன்னு கேள்விப்பட்டேன். டாக்டர் என்ன சொன்னாங்க?" என்றான் மச்சினன். பின்னால் சந்தை இரைச்சல். "ஆபரேஷன்னா சொல்லுங்க, நான் வந்து கூட இருக்கேன்."

"மாப்ள… அந்தப் பாட்டில் என்னோடது."

மூட்டை ஒன்று தொப்பென்று விழும் சத்தம் கேட்டது.

"தெரியும் மாமா. அன்னைக்கே தெரியும். என்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? எவன் எவன் என்னை மழைன்னு கூப்பிட்டானோ, அவனுங்க முன்னாடி சொல்லுங்க."

"சொல்றேன்டா."

"எப்போ?"

அவர் கறுப்புக் கால்சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். அடிவயிறு மறுபடி முட்டியது. போனை மனைவியிடம் நீட்டிவிட்டுக் கழிப்பறைப் பக்கம் நடந்தார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. நீர் தடையில்லாமல் போகிறது. ஆனால் கிரேனின் அடியில், கம்பிக்காரர்களும் சூப்பர்வைசரும் கேட்க, அந்தப் பாட்டில் தன்னுடையது என்று சொல்லும் ஒரு வார்த்தையை மச்சினனுக்கு அவர் இன்னும் பாக்கி வைத்திருக்கிறார்.