மச்சினன் கொடுத்த டப்பா

1

மார்ச் 11, செவ்வாய், காலை பதினொன்றரை மணி, பரிசோதனைக்கூடத்தின் இரண்டாம் மாடி: ஒரு பேருந்து ஓட்டுநரின் ரத்தத்தில் சர்க்கரை இருநூற்று எண்பது. சிறுநீரில் துளியும் இல்லை.

இந்தக் கதை பிறந்தது அந்த இரண்டு வரியிலிருந்துதான். என் ரிப்போர்ட்டை வாங்கப் போய், திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். திரை ஆளைப் பாதி மறைத்தது. பேச்சை அதுவும் இல்லை. மிச்சத்தை ஓட்டுநரே பிறகு சொன்னார். (அவர் உண்மையில் ஓட்டுநர் அல்லர், தொழிலை நான் மாற்றியிருக்கிறேன். அதற்குமேல் கேட்காதீர்கள்.)

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'உடலின் மிக மெல்லிய ரத்தக் குழாய்கள் கண்ணிலும் சிறுநீரகத்திலும்...' பாடப்புத்தக வாடை. விட்டுவிட்டேன். ஆனால் ஒரு தகவல் உங்களுக்கு வேண்டும். சர்க்கரை நோயில் சிறுநீரகத்தின் குழாய்கள் பழுதானால் சிறுநீரில் புரதம் கசியும், வலிக்காது. வலிக்காததை வைத்துக்கொண்டு ஒருவன் எப்படிக் கதை எழுதுவது?

3

ஓட்டுநருக்குத் தகுதிச் சான்று வேண்டும். சர்க்கரை மட்டும் கூடுதல் என்றால் மருந்தை மாற்றிச் சான்று கொடுத்துவிடுவார்கள். சிறுநீரகமும் கெட்டிருந்தால் ஸ்டியரிங் போச்சு. ரத்தத்தை ஏமாற்ற முடியாது, ஊசி போட்டு அவர்களே எடுக்கிறார்கள். டப்பாவோடு கழிப்பறைக்குள் நாம் தனியாகத்தான் போகிறோம்.

மச்சினன் தினமும் எட்டு கிலோமீட்டர் ஓடுகிறவன், டீக்குக்கூடச் சர்க்கரை போடாதவன். (இவ்வளவு ஒழுங்கான ஆளை வாசகர் நம்புவாரா? சந்தேகம்தான். இருக்கட்டும்.)

"என்னோடத எடுத்துட்டுப் போங்க மாமா. பாட்டில்ல அடைச்சு விக்கலாம், அவ்ளோ சுத்தம்."

4

"இது உங்களோடது இல்லண்ணா. ரத்தத்துல இவ்ளோ இருந்தா கீழயும் இறங்கியே ஆகணும்" என்றார் பரிசோதகர்.

"டப்பா மாறியிருக்கும் மேடம்."

"மாறிடுச்சுன்னா கொட்டிடறேன், வேற குடுங்க. வேற ஆளோடத வேணும்னே கொண்டுவந்தீங்கன்னா டாக்டருக்கு எழுதணும். சான்று நின்னுடும்."

"கொட்டிடுங்க."

அவர் கொட்டவில்லை.

"இதுல புரதம் கசியுது. யாரோடதுன்னு தெரியாம நான் யாரைக் கூப்பிட்டுச் சொல்றது?"

5

முடிவு ஒன்று: டப்பா மாறிவிட்டதென்றே ஓட்டுநர் சாதித்துவிடுகிறார். திங்கட்கிழமை வண்டி எடுக்கிறார். எழுதிப் பார்த்தேன், கச்சிதமாகவே இருந்தது. பிறகு ஒருநாள் எல்லோரும் சாப்பிட உட்காரும்போது, எதிரில் மச்சினன்... (இந்த வாக்கியம் முடியவில்லை.)

முடிவு இரண்டு: உண்மையைச் சொல்கிறார், பரிசோதகர் மனமிரங்கி எழுதாமல் விடுகிறார். அந்த அம்மாள் முகத்தைப் பார்த்திருந்தால் நீங்களும் இதை அடித்திருப்பீர்கள்.

உண்மையில் திரைக்குப் பின்னாலிருந்து அப்புறம் கேட்டது இது:

"என் மச்சினனோடது. நம்பர் குறிச்சுக்குங்க."

வீட்டில் மனைவியிடம் இதை எப்படி ஆரம்பித்தார், மச்சினன் முதலில் சிரித்தானா என்பதெல்லாம் உங்கள் பங்கு. நான் எழுதப்போவதில்லை. என்னிடம் இருப்பவை மூன்று விவரங்கள். மச்சினனின் மூன்று மாத ரத்தச் சர்க்கரைச் சராசரி ஏழு புள்ளி இரண்டு. (ஆறரையைத் தொட்டாலே சர்க்கரை நோய்.) ஓட்டுநர் அன்றே கொடுத்த சொந்த டப்பாவில் புரதம் இல்லை. அவருக்கு ஆறு மாதம் வண்டி கிடையாது.