குருவி விழுந்த கொல்லை

கொன்னமேட்டில் அடிபட்டுச் செத்த குருவி ஒவ்வொன்றும் மறுநாள் விடிவதற்குள் ஒரு கம்புத்தட்டையாக நின்றது, முற்றிய கதிரோடு. இரண்டாயிரத்து ஆறு, கார்த்திகைக் கடைசியில் இது நடந்தது. வடக்கத்திக் குருவிகள்; தலை மட்டும் செக்கச்செவேலென்று இருக்கும். அங்கே காட்டில் விதை பொய்த்துப்போகிற வருஷங்களில் இப்படிக் கூட்டமாகக் கிளம்பி முன்பின் தெரியாத ஊர்களில் இறங்குமாம். சத்தியவேட்டு வாத்தியார் சொன்னார். அதே வருஷம் அதே திக்கிலிருந்து கம்பெனி கட்ட ஆட்களும் ரயிலேறி வந்திருந்ததால், ஊரில் யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை.

கம்பெனிக்காக முந்நூறு ஏக்கருக்குக் கையெழுத்து வாங்கியிருந்தான் புரோக்கர் பாலையா. அத்தனையும் தரிசாகக் கிடக்க, நடுவில் செல்லியம்மாவின் ஒன்றரை ஏக்கர் மட்டும் கம்பு விளைந்து நின்றது. கூலிக்காரனாக இருந்த அவள் அப்பனுக்குச் சர்க்கார் கொடுத்த பட்டா நிலம். பயிர் இல்லாமல் கிடந்தால் சர்க்காரே திருப்பி எடுத்துக்கொள்ளும். மார்கழி பத்தாம் தேதி மண்டல ஆபீசர் பார்க்க வருவதாக நோட்டீசும் வந்திருந்தது. குருவிகளுக்கு மட்டும் வேறு போக்கிடம் ஏது? பத்தாயிரம் குருவி அந்த ஒன்றரை ஏக்கரில் இறங்கி, ஒரே பகலில் கதிரையெல்லாம் உருவித் தின்று தீர்த்தன.

செல்லியம்மா கோழி அறுக்கக்கூடக் கண்ணை மூடிக்கொள்கிறவள். அன்றைக்கு வயிறெரிந்து கவணைச் சுழற்றினாள். நாற்பது குருவி விழுந்தது. மறுநாள் காலை நாற்பது தட்டை; கதிரில் மணி ஒவ்வொன்றும் சிவப்பு. அந்தக் கதிரைக் குருவிகள் தொடவில்லை, மண்ணில் சிந்தியதைத்தான் பொறுக்கின. விஷயம் புரிந்ததும் செல்லியம்மா வரப்பில் உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்து, மகள் யமுனாவின் கையில் இன்னொரு கவணைக் கொடுத்தாள். பன்னிரண்டு நாள் அடித்தார்கள். கல் தீர்ந்தபோது கூரை ஓடுகளை உடைத்து அடித்தார்கள். பாதி செத்தது முளைக்காது என்பதால், துடித்துக்கொண்டிருந்தவற்றின் கழுத்தைத் திருகினார்கள். கொல்லை பூராவும் ரத்தத்தில் கொழகொழத்தது. ஒன்பதாம் தேதி ஒன்றரை ஏக்கரும் நிறைந்து நின்றது.

அன்றைக்குத்தான் பாலையா டிராக்டரோடு வந்தான்.

"ஏம்மே செல்லி, நாளைக்கி ஆபீசருக்கு இன்னாத்தைக் காட்டுவே? இப்பவே உழுதுட்டுப் போறேன் பாரு."

"எங்க நைனா வாங்கினு வந்த நெலம்ணா. வேணாம், உள்ள எறங்காதே."

"உங்க நைனா எங்க ஊட்டுல எச்சி துன்னவன்தானேடி!"

டிராக்டர் உள்ளே இறங்கியது. குறுக்கே நின்ற யமுனாவின் முடியைப் பாலையா பிடித்து, அவள் முகத்தை வரப்புக் கல்லில் மோதினான். இரண்டு பல் தெறித்தது. பாவி, பதினாறு வயதுப் பெண் அவள். பன்னிரண்டு நாளாகக் குருவித் தலைக்குக் குறி வைத்துப் பழகிய செல்லியம்மாவின் கவணுக்குப் பாலையாவின் தலை எம்மாத்திரம்? நெற்றி பிளந்து உழவுசாலில் விழுந்தான். டிரைவர் ஓடிப்போனான். பிணத்தைத் தொட யாருக்கும் தைரியம் இல்லை. மிச்சமிருந்த குருவிகள் அன்று சாயங்காலமே எழும்பிக் காளஹஸ்திப் பக்கம் போய்விட்டன.

மறுநாள் போலீசும் மண்டல ஆபீசரும் ஒன்றாகவே வந்தார்கள். பிணம் இல்லை. அந்த இடத்தில் பன்னிரண்டடி உயரத்துக்கு ஒரே ஒரு கம்பு நின்றது. ஆள் காணவில்லை என்று போலீஸ்காரர் எழுதிக்கொண்டார். பயிர் உண்டு, விளைச்சல் நன்று என்று ஆபீசர் எழுதிக்கொண்டார். நிலம் தங்கியது.

தை பிறந்ததும் பாலையாவின் மனைவி ரத்னம்மா அரிவாளோடு வந்தாள். வெட்டத்தான் வந்திருக்கிறாள் என்று செல்லியம்மா எழுந்து நின்றாள்.

"எங்க ஊட்டுக்காரரு எது?" என்று மட்டும் கேட்டாள் ரத்னம்மா.

செல்லியம்மா கையைக் காட்டினாள். ரத்னம்மா அதன் கதிரை அறுத்து, முந்தானையில் கட்டிக்கொண்டு போனாள். அந்தத் தட்டை வருஷா வருஷம் தழைக்கிறது. அவளும் வருஷா வருஷம் வருகிறாள். அந்தக் கம்பில்தான் அவள் தன் இரண்டு பிள்ளைகளையும் வளர்த்தாள். பெரியவன் இப்போது அந்தக் கம்பெனியில்தான் வேலை செய்கிறான். கூழ் கொஞ்சம் சிவப்பாக இருக்கும். ருசியில் ஒரு குறையும் இல்லை.