முன்னே போகாத பொத்தான்

வேலை செய்தது! முருகா, முதல் அமுக்கலிலேயே வேலை செய்தது! நார்த்மீட்டில் எங்கள் சாப்பாட்டு மேசைக்கு முன்னால் நான் கதிரையை விட்டுத் துள்ளி எழும்பிக் கைதட்டினேன்.

"என்னடி நிரஞ்சினி, விசர் பிடிச்சிட்டுதே?" என்றார் சத்தியபாமா அன்ரி.

அன்ரி இந்த ஊர்த் தமிழரில் பாதிப் பேருக்குக் கலியாணம் பேசி வைத்தவர். அவரிடமிருந்த நானூற்றுப் பன்னிரண்டு சாதகங்களையும் ஸ்கேன் செய்து, நம்பர் போட்டு, ஆளுக்கொரு பக்கமாகப் பார்க்க அவருடைய பழைய விண்டோஸ் எக்ஸ்பி லப்டொப்பில் ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்திருந்தேன். பார்த்த பக்கத்துக்குத் திரும்பிப் போக வழியில்லை என்று மூன்று வாரமாக அரியண்டம் தந்தார். சரி, இந்தாருங்கள், பின்னுக்குப் போக ஒரு அம்பு, முன்னுக்குப் போக ஒரு அம்பு. உள்ளே இரண்டு அடுக்கு. பின்னுக்குப் போனால் பக்கத்தை ஒரு அடுக்கிலிருந்து எடுத்து மற்றதில் வைக்க வேண்டும், கோப்பை கழுவி அடுக்குவது மாதிரித்தான். ஆனாலும் அது ஓடும்போது வரும் சந்தோஷம் இருக்கிறதே, அதை எழுதியவளுக்குத்தான் தெரியும்.

அன்று பின்னேரம் அன்ரிக்கு ரொறன்ரோவுக்குப் பிளேன். மகளுக்குப் பிள்ளைப்பேறு, திரும்பி வர மூன்று மாதம். போகமுன் என் அக்காவுக்கு ஒருதரம் பார்த்துவிடுகிறேன் என்று லப்டொப்பையும் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். கமலினி அக்காவுக்கு முப்பத்தாறு வயது, செவ்வாய்க் குற்றம். பதினொரு சம்பந்தம் தட்டிப் போய்விட்டது. நாலு வருடமாக அவளிடம் ஒரே பாட்டுத்தான்: "எனக்கு உது வேண்டாம், என்னை விடுங்கோ." அப்போதும் மேசையில் தேத்தண்ணியை வைத்துவிட்டுக் குசினிக்குள் போய்விட்டாள்.

"பிள்ளை, இவன் பொருந்துறான்!" அன்ரி திடீரென்று கத்தினார். "செவ்வாய்க்குச் செவ்வாய். பத்துக்கு எட்டுப் பொருத்தம்!"

அன்ரி பின் அம்பை அமுக்கி அக்காவின் கட்டத்தை இன்னொருதரம் பார்த்தார். ஒத்துப் பார்க்கவென்று வேறொரு பெடியனின் பக்கத்தையும் திறந்தார். பிறகு முன் அம்பை அமுக்கினார். அம்பு சாம்பல் நிறத்தில் செத்துக் கிடந்தது.

"எங்கை பிள்ளை அந்தப் பெடியன்?"

"பின்னுக்குப் போய்ப் புதுசா ஒண்டைத் திறந்தா, முன்னுக்கு இருந்தது அழிஞ்சிடும் அன்ரி. உலகம் முழுக்க அதுதான் முறை."

"உன்ரை உலகத்தைக் கொண்டுபோய்க் குப்பையிலை போடு! என்ரை மேசையிலை நடுவிலை பொம்பிளையின்ரை சாதகம், சுத்திவர மாப்பிள்ளையளின்ரை. பாத்தது பாத்த இடத்திலை கிடக்கும்."

"அப்ப பேரைச் சொல்லுங்கோ, தேடுவம்."

"நான் கட்டத்தைப் பாக்கிறனான், பேரையே பாக்கிறன்?"

எனக்குக் கோபம் தலைக்கேறியது. அவர்மேல் இல்லை, என்மேல். ஒரு கலியாணப் புரோக்கர் எப்படி வேலை செய்கிறார் என்று கேட்காமல், புத்தகத்தில் படித்ததை அப்படியே எழுதி வைத்திருந்தேன். மணி ஒன்று பத்து. ஒன்றரைக்கு எமகண்டம் தொடங்கிவிடும். நல்ல நேரம் பார்க்காமல் முதல் பேச்சைத் தொடங்க அன்ரி செத்தாலும் சம்மதிக்கமாட்டார். அது முடியும் மூன்று மணிக்கு அவர் எயர்போர்ட்டுக்கு வெளிக்கிட்டுவிடுவார், பிறகு மூன்று மாதம். அதுவரை அந்தப் பெடியனை யார் விட்டுவைப்பார்கள்?

"கைக்கு எட்டினது வாய்க்கு எட்டேல்லையே," என்று அன்ரி தலையில் கை வைத்தார்.

ஒன்றாம் பக்கத்திலிருந்து திறக்கத் தொடங்கினேன். இவனா? இல்லை. இவனா? இல்லையடி. ஸ்கேன் படம் ஒவ்வொன்றும் ஊர்ந்து ஊர்ந்து வந்தது. பதினேழாவதுக்கு வரும்போது மணி ஒன்று இருபது.

"இருநூற்றி எழுபத்தொண்டு."

குசினி வாசலில் அக்கா நின்றாள். கை ஈரம்.

"என்ன?"

"இருநூற்றி எழுபத்தொண்டைத் திற."

திறந்தேன். "இவன்தான்! இவனேதான்!" அன்ரி மேசையில் அடித்த அடியில் தேத்தண்ணி சிந்தியது. கேதீஸ்வரன், வெரிபீ, மெல்பேர்ண். அக்காவை விட ஒரு வயது கூட.

"உனக்கெப்பிடி அக்கா தெரியும்?"

"தேத்தண்ணி வைக்கேக்கை பாத்தனான்."

அரை நிமிஷம் நின்றிருப்பாளா? அதுகூட இல்லை. நாலு வருடமாக வேண்டாம் வேண்டாம் என்றவளை நான் அப்படியே நம்பியிருந்தேன். வெட்கமாக இருந்தது, அதைவிடச் சந்தோஷமாக இருந்தது, எழும்பிக் கட்டிப்பிடிக்க வேண்டும் போலிருந்தது.

"உனக்கு உது வேண்டாமெண்டெல்லோ..." என்று அன்ரி இழுத்தார்.

"ஒண்டரை ஆகப்போகுது அன்ரி."

பக்கத்தின் அடியில் பொடி எழுத்திலிருந்த தொலைபேசி இலக்கத்தை வாசிக்க அன்ரி கண்ணாடியைத் தேடினார். கைப்பையில் இல்லை, மேசையிலும் இல்லை. அக்கா ஈரக் கையைச் சட்டையில் துடைத்தாள். தொலைபேசியை எடுத்தாள். திரையின் பக்கம் திரும்பாமலே பத்து இலக்கத்தையும் அமுக்கி, அன்ரியின் காதில் வைத்தாள்.